பிரதேச சபை நூலகங்களில் பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகள்: ஐந்து இடத்துக்கும் ஒரே திட்டமா, தனித்தனியா?

ஒற்றைப்பனை கேட்டது:

வணக்கம். வன்னியில் ஒரு பிரதேச சபையின் நூலகங்களுக்கு அடுத்த ஆண்டுக்கான நிகழ்ச்சித் திட்டம் போட வேண்டும். மூன்று பொது நூலகம், இரண்டு வாசிகசாலை. ஒன்று சந்தையடி, இரண்டு குளத்துக்குக் கீழான வயற்கிராமம், ஒன்று மானாவாரிக் குடியேற்றம், ஒன்று கடற்கரை. ஆளணி மொத்தம் ஏழு பேர். வாசிகசாலைகளில் ஒவ்வொருவர்தான், அவர் வெளியே போனால் கதவைப் பூட்ட வேண்டும்.

சிறுவர் பக்கம் கவலையில்லை. பாடசாலைக்கு ஒரு கடிதம் போனால் அறுபது பிள்ளைகள் வரிசையாக வந்து இருப்பார்கள். பெரியவர்களுக்கென்று வைத்தால் முன்வரிசையில் சபை உத்தியோகத்தர்கள், பின்வரிசையில் வெறும் கதிரை. இதுவரை எல்லாவற்றையும் ஐப்பசி (ஒக்ரோபர்) வாசிப்பு மாதத்துக்குள்ளேயே அடைத்திருக்கிறார்கள்.

தெரிந்தவர்கள் மூன்று விடயம் சொல்லுங்கள். எந்த மாதங்களில் வைப்பது? ஒரே நிகழ்ச்சியை ஐந்து இடத்திலும் சுற்றிக் கொண்டுபோவதா, ஒவ்வொரு நூலகமும் தன்பாட்டில் செய்வதா? கையில் உள்ளது 180,000 ரூபா. ஆண்டுக்கு எத்தனை நிகழ்ச்சி தாங்கும்? ஒவ்வொரு இடத்திலும் ஆறு வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

---

காலபோகம் எழுதியது:

முதலில் ஐப்பசியை விடுங்கள். தேசிய வாசிப்பு மாதம் பாடசாலைக்குச் சரி. வயற்கிராமத்தில் ஐப்பசி என்றால் விதைப்பு. வானத்தைப் பார்த்துப் புழுதி விதைப்போ சேற்று விதைப்போ என்று ஆள் ஓடித் திரியிற நேரத்தில் பனர் கட்டினால், பனருக்குக் கீழே ஆடுதான் நிற்கும்.

காலபோகத்தில், அதாவது மழைக்கால நெற்போகத்தில், விதைப்பு ஐப்பசியில் தொடங்கும். கார்த்திகை, மார்கழி பசளையும் களையும் வெள்ளமும். தை கடைசியிலிருந்து பங்குனி நடு வரை அறுவடை, நெல் காயவைத்தல், விலை பார்த்தல். சிறுபோகம் சித்திரையிலிருந்து ஆவணி வரை, அதுவும் குளத்தில் தண்ணீர் இருந்தால் மட்டும். இரணைமடு மாதிரிப் பெரிய குளத்தின் கீழ்கூட அந்த ஆண்டு எத்தனை ஏக்கர் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில்தான் முடிவாகும். அந்தக் கூட்டத் தீர்மானத்தைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். தண்ணீர் திறக்கிற திகதியும் மறிக்கிற திகதியும் அதில் இருக்கும். நூலக நிகழ்ச்சித் திட்டத்துக்கு இதைவிட நல்ல நாட்காட்டி கிடையாது.

இப்படிப் பார்த்தால் வயற்கிராமத்தில் மூன்று இடைவெளிதான் தெரியும். பங்குனி கடைசி தொடங்கிச் சித்திரை நடுவுக்கு முன்: நெல் விற்ற காசு கையில், வெயில் ஏறியிருக்கும், ஆனால் ஆள் வீட்டில். ஆனி, ஆடி: மானாவாரிக் கிராமம் முழுவதும் ஓய்வு, குளத்துக் கிராமத்தில் பாதிப்பேர் ஓய்வு. ஆவணி கடைசி தொடங்கிப் புரட்டாதி நடு வரை: அடுத்த போகத்துக்கு விதைநெல் தேடும் நேரம்.

தொடக்கூடாத நாட்கள்: வைகாசி விசாகத்தை ஒட்டிய வற்றாப்பளைப் பொங்கல் கிழமை (முல்லைத்தீவுப் பக்கத்தில் அந்தக் கிழமை எதற்கும் ஆள் கிடைக்காது), புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா, மே 18, நவம்பர் 27 நினைவு நாட்கள். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலத்தில் தாய்மார் வரமாட்டார்கள். உங்கள் ஊர்க் கோயில் திருவிழாத் திகதிகளை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேரம்தான் அதைவிட முக்கியம். பிள்ளைகளை அனுப்பிவிட்டு வரும் பெண்களுக்குக் காலை 9.45 தொடங்கி 12 மணி. பாடசாலை 1.30க்கு விடும், அதற்கு முன் சமையல் முடிய வேண்டும், 12.15 ஆனதும் ஒவ்வொருவராக எழும்புவார்கள், பேச்சாளர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும். ஆண்களுக்குப் பின்னேரம் 3.30. அதில் கடைசி பஸ்ஸைப் பார்த்து முடிவு நேரத்தை எழுதுங்கள், தொடங்கும் நேரத்தை அல்ல. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கத்து உட்கிராமம் என்றால் யானை. பொழுதுபடுகிற நேரத்தில் ஆட்களைச் சைக்கிளில் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. 5.15க்குக் கூட்டம் கலைய வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒற்றைப்பனை, ஆறு தரம் தாங்காது. கணக்கைப் பாருங்கள். விலைகள் உத்தேசம்தான், உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு நிகழ்ச்சிக்கு 35 பேர் என்று வைப்போம். தேநீரும் இரண்டு கடியும் ஆளுக்கு 120 என்றால் 4,200. போட்டோ கொப்பி ஆளுக்கு 4 பக்கம், பக்கம் 10 ரூபா, 1,400. சாமான் ஏற்றி இறக்க ஓட்டோ 2,500. மொத்தம் 8,100. ஐந்து இடம், ஆறு தரம் என்றால் 30 நிகழ்ச்சி, 243,000. ஐந்து இடம், நாலு தரம் என்றால் 20 நிகழ்ச்சி, 162,000. மிச்சம் 18,000 வயர், மாக்கர், பற்றறி, அறிவித்தலுக்குப் போகும். ஆகவே நாலு சுற்று. பேச்சாளர் கொடுப்பனவு இதில் இல்லை, ஏனென்றால் அது வேண்டியதில்லை: கடமை நேரத்தில் வரும் அரச உத்தியோகத்தருக்கு அது அவருடைய வேலை. சபை வாகனம் அனுப்பிக் கூட்டிவந்தால் போதும்.

கடிதத்தை உத்தியோகத்தருக்கு எழுதாமல் அவருடைய தலைவருக்கு எழுதுங்கள். கிராம சேவையாளர், காணி உத்தியோகத்தர் வேண்டுமென்றால் பிரதேச செயலாளருக்கு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேண்டுமென்றால் சுகாதார வைத்திய அதிகாரிக்கு. மூன்று கிழமை முன்னதாகப் போக வேண்டும், ஐந்து இடத்துத் திகதியும் ஒரே கடிதத்தில் இருக்க வேண்டும். ஐந்து தனிக் கடிதம் போனால் ஐந்து வேறு ஆள் வருவார்கள், ஐந்து வேறு கதை சொல்வார்கள்.

பணம் கேட்பதும் காலம் பார்த்துத்தான். அடுத்த ஆண்டுப் பாதீடு மார்கழிக்குள் சபையில் நிறைவேற வேண்டும், அதற்கான மதிப்பீடுகளைப் புரட்டாதியிலேயே கேட்கத் தொடங்குவார்கள். "வாசிப்பு ஊக்குவிப்பு" என்று ஒரே வரியில் போடாமல் "வளர்ந்தோர் நிகழ்ச்சி, 4 சுற்று, 20 அமர்வு" என்று தனி வரியாகக் கொடுங்கள். ஒரே வரியில் கிடந்தால் ஐப்பசிப் பரிசளிப்புக் கேடயத்தில் முழுவதும் கரைந்துவிடும்.

சிற்றுண்டிக்கு ஒவ்வொரு தரமும் மூன்று விலைமனு எடுத்துக்கொண்டு திரியாமல், ஆண்டுத் தொடக்கத்தில் ஐந்து இடத்துக்கும் ஒரே தரமாக எடுத்து அங்கீகாரம் வாங்கி வையுங்கள். அந்தந்த ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் விலை கொடுக்கச் சொல்லுங்கள். சங்கத்துக்குப் பதிவிலக்கமும் வங்கிக் கணக்கும் பற்றுச்சீட்டுப் புத்தகமும் இருக்கிறதா என்று முதலே பாருங்கள். பற்றுச்சீட்டில் திகதி இல்லை, கையொப்பம் இல்லை என்று திரும்பி வரும் வவுச்சர்தான் அதிகம்.

கணக்காய்வு ஐயவினா எங்கே வரும் தெரியுமா? வரவுப் பதிவில் 27 கையொப்பம், சிற்றுண்டிப் பற்றுச்சீட்டில் 40. மிச்சம் 13ஐத் தின்றது யார் என்று கேட்பார்கள். உண்மையில் தாயோடு வந்த பிள்ளைகளும், சாரதியும், கதிரை அடுக்கிய பெடியளும்தான் தின்றிருப்பார்கள். வரவுப் பதிவின் அடியில் "கையொப்பமிடாதோர்: சிறுவர் 9, உதவியாளர் 4" என்று அன்றைக்கே எழுதிப் பொறுப்பாளர் ஒப்பமிட்டால் விடயம் முடிந்தது. பிறகு எழுதினால் மையின் நிறமே காட்டிக்கொடுக்கும்.

---

அல்லிக்குளம் எழுதியது:

கணக்கும் காலமும் மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள். எதை வைப்பது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அதில் பிழைத்தால் மற்றதெல்லாம் வீண்.

"விழிப்புணர்வுக் கருத்தரங்கு" என்ற சொல்லை அறிவித்தலில் போடாதீர்கள். 2009க்குப் பிறகு வன்னியில் இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சனத்துக்குக் காது புளித்துவிட்டது. வருகிறவர் வீட்டுக்குப் போகும்போது கையில் என்ன இருக்கும், அதை எழுதுங்கள். "நிரப்பி முடித்த விண்ணப்பத்தோடு வீட்டுக்குப் போகலாம்" என்றால் வருவார்கள்.

நாலு சுற்றுக்கும் என் தெரிவு இது.

சித்திரைச் சுற்றுக்குக் காணிப் பத்திரம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் குடியேற்றங்களில் பலருக்குப் பின்னுரித்தாளரை (தனக்குப் பிறகு காணி யாருக்கு என்பதை) பதிந்து வைக்க வேண்டும் என்பதே தெரியாது. பதியாமல் இறந்தால் சட்டத்தின் அட்டவணை ஒழுங்குப்படி உரிமை போகும். ஆண்பிள்ளைக்கு முதலிடம் கொடுத்த அந்தப் பழைய ஒழுங்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு மாறியது. பழையதை நம்பிக்கொண்டு பெண்பிள்ளைகளை விட்டுப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதற்காகவே இந்தச் சுற்று வேண்டும். காணி உத்தியோகத்தர் 30 நிமிடம் பேசட்டும். மிச்ச நேரம் மேசை போட்டு ஒவ்வொருவரின் பத்திரத்தையும் பார்க்கட்டும். மூலப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள், பிரதி போதும். மூலம் தொலைந்தால் பழி நூலகத்துக்கு.

ஆனி–ஆடிச் சுற்றுக்குத் தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம். இதைப் பேச்சாக வைக்காமல் எழுத்து வேலையாக வையுங்கள்: 15 நிமிடம் விளக்கம், 15 நிமிடம் நல்ல கேள்வி கெட்ட கேள்வி, 45 நிமிடம் அவரவர் விண்ணப்பம், 15 நிமிடம் உறையில் போட்டு முகவரி எழுதுதல். எங்கே பிழைக்கும் என்றால், எல்லாரும் "ஏன்" என்று தொடங்குவார்கள். "எங்கள் வீதியை ஏன் திருத்தவில்லை?" என்றால் "நிதி கிடைக்கவில்லை" என்று ஒரு வரியில் பதில் வரும், அதோடு சரி. அதையே இப்படி மாற்றுங்கள்: "2024, 2025 ஆண்டுகளில் இன்ன வீதிக்கு ஒதுக்கிய தொகை, ஒப்பந்தகாரருக்குக் கொடுத்த தொகை, வேலை அளவீட்டுத் தாளின் பிரதி ஆகியவற்றைத் தரவும்." இருக்கிற காகிதத்தைத்தான் கேட்க வேண்டும், காரணத்தை அல்ல. தகவல் அலுவலர் 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். இந்தத் திகதிகளை ஒரு சிறு அட்டையில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். மேன்முறையீட்டுத் திகதி போனபிறகுதான் பலர் நினைப்பார்கள்.

புரட்டாதிச் சுற்று போகத்துக்கு முன்: மண் பரிசோதனை, விதைநெல், அதோடு 20 நிமிடம் எலிக்காய்ச்சல். சேற்றில் இறங்க முன் எடுக்கும் தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டே விளக்கச் சொல்லுங்கள். விவசாயத்துக்கு வட்டக்கச்சி மாவட்ட விவசாயப் பயிற்சி நிலையம், அறிவியல்நகர் விவசாய பீடம் இரண்டையும் கேட்கலாம். வவுனியாப் பக்கம் என்றால் பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தைச் சுவரில் பெரிதாக ஒட்டி விடுங்கள்.

ஐப்பசியை முழுவதும் விடத் தேவையில்லை, காலபோகம் அண்ணை. ஒக்ரோபர் 1 முதியோர் தினம். விதைப்புக்குப் போகாதவர்கள் முதியவர்கள்தான். நாலாவது சுற்றைப் பழைய படம், பழைய காகிதம் சேர்க்கும் நாளாக வைத்தால் வாசிப்பு மாத அறிக்கையும் நிரம்பும். ஊர்ப் பாடசாலை, குளக்கட்டு, கோயில் தேர், கல்யாணம், எதுவானாலும் சரி. இடப்பெயர்வில் அலுமாரி போனாலும் ஒரு சொப்பிங் பையில் நாலு படம் தப்பி வந்திருக்கும். ஸ்கான் பண்ணும்போது சாதாரண அளவுப் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, முத்திரை அளவுப் படத்துக்கு 600 புள்ளி. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கவே கூடாது, கண்ணாடியோடு ஸ்கான் பண்ணுங்கள். பின்பக்கத்தில் பேனையால் எழுதாமல் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். படம் அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும். "நூலகத்தில் வைக்கலாம்", "இணையத்தில் போடலாம்" என்று இரண்டு தனிக் கட்டம் உள்ள சம்மதத் துண்டு எடுங்கள். சீருடையில் ஆள் நிற்கும் படம், காணாமற்போனவர் படம் என்றால் குடும்பம் கேட்டாலொழிய இணையத்துக்குப் போகக்கூடாது. இணையத்தில் வைக்கச் சம்மதித்தவற்றுக்கு நூலகம் நிறுவனத்தோடு பேசலாம். 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்துகிறவர்கள் அவர்கள்.

இன்னொன்று, வரவுப் பதிவில் தேசிய அடையாள அட்டை இலக்கம் கேட்கும் நிரலை எடுத்துவிடுங்கள். அந்த நிரலைக் கண்டதும் சிலர் தண்ணி குடிக்கப் போவது மாதிரி எழும்பிப் போவார்கள். பெயர், கிராமம், கையொப்பம் போதும். பேஸ்புக்கில் போட முகங்களைப் படம் எடுக்கவும் வேண்டாம். கடன் பற்றியோ காணாமற்போனோர் சான்றிதழ் பற்றியோ என்றால் மேடையே வேண்டாம்: உள் அறையில் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒருவர் பின் ஒருவர்.

ஒரே திட்டமா தனித்தனியா என்று கேட்டீர்கள். தாளும் பெட்டியும் கடிதமும் ஒன்று. கூட்டாளி மட்டும் ஊருக்கு ஊர் வேறு. வயற்கிராமத்தில் கமக்காரர் அமைப்பு, கரையில் கடற்றொழிலாளர் சங்கம், குடியேற்றத்தில் மாதர் சங்கம், சந்தையடியில் வர்த்தகர் சங்கம். கூட்டாளி கிடைக்காத ஊரில் அந்தச் சுற்றைத் தவிருங்கள். ஐந்தையும் நிரப்ப வேண்டும் என்று அடம்பிடித்தால் வெறும் கதிரைக்குத்தான் பேச வேண்டி வரும்.

---

நாலுமுழம் எழுதியது:

பெட்டி என்று அல்லிக்குளம் அக்கா ஒரு சொல்லில் முடித்துவிட்டா. அந்தப் பெட்டிதான் சுற்றைக் காப்பாற்றும். மூடியுள்ள பெரிய பிளாஸ்ரிக் பெட்டி இரண்டு, ஒன்றில் மின்சாமான், மற்றதில் காகிதமும் புத்தகமும். மூடியின் உட்பக்கத்தில் சாமான் பட்டியலை ஒட்டி, ஏற்றும்போதும் இறக்கும்போதும் சரி போடுங்கள்.

மின்பெட்டியில்: புறொஜெக்ரர், இரண்டு வகைக் கேபிளும் அவற்றை மாற்றும் இணைப்பியும், 10 மீற்றர் வயர் றோல், மூன்று குத்தி மாற்றும் பிளக், பற்றறியில் ஓடும் ஸ்பீக்கர், மைக், மாற்றுப் பற்றறி நாலு, ரோச். காகிதப் பெட்டியில்: கயிறு, துணிக் கிளிப் 20, வெள்ளைத் துணி, மாக்கர், பேனை 40 (15தான் திரும்பி வரும்), எழுத அட்டை 20, வரவுப் பதிவு, அங்கத்துவப் படிவம் 30, மைத்தட்டு, புத்தகம் 25, இரவல் பதிவு. பேனையை நூலால் அட்டையில் கட்டினால் இழப்புக் குறையும்.

புறொஜெக்ரரை நம்பாதீர்கள். அரைச்சுவர் மண்டபத்தில் பகல் 10 மணிக்கு எந்தப் புறொஜெக்ரரும் வெளுத்துத்தான் தெரியும். பின்னேரத்தில் வோல்ற்றேஜ் குறைந்து அது தானாக நிற்கும். எதைக் காட்டப் போகிறீர்களோ அதை ஏ3 தாளில் ஆறு பக்கமாக அச்சடித்து, கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்க விடுங்கள். மின் போனாலும் கூட்டம் நிற்காது.

பேச்சாளர் கொண்டுவரும் கோப்பு பாமினியில் இருக்கும். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும், அவர் பார்த்து முழிப்பார். மூன்று நாள் முன்பே பீடிஎப் ஆக அனுப்பச் சொல்லுங்கள். யூனிகோட்டுக்கு மாற்றி மினக்கெட வேண்டாம்.

புத்தக மேசையில்தான் இது நூலக நிகழ்ச்சி ஆகிறது. இல்லாவிட்டால் எந்தத் திணைக்களமும் செய்யக்கூடிய கூட்டம்தான். டூயி வகுப்பெண்ணைப் பார்த்து எடுங்கள்: விதைநெல்லுக்கு 633, பூச்சிக்கும் நோய்க்கும் 632, ஆடு மாடு கோழி 636, மீன்பிடி 639, சட்டம் 340, வீட்டுக் கணக்கு 332, உடல்நலம் 613, 616. தடித்த புத்தகம் நாலு போதும். மெல்லிய கையேடுகள், திணைக்களத் துண்டுப் பிரசுரங்கள்தான் கையில் ஏறும். கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாது என்று சொல்லி வைத்துவிட்டுப் போகிறவர்களுக்காகப் பெரிய எழுத்துப் புத்தகம் மூன்றும், மேசையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும் வையுங்கள்.

இரவலில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பல சபைகளில் அங்கத்துவப் படிவத்துக்குப் பிணையாளர் ஒப்பமோ கிராம சேவையாளர் உறுதிப்படுத்தலோ வேண்டும். படிவத்தைக் கையில் கொடுத்து "ஒப்பம் வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்றால் அந்தப் படிவம் திரும்பி வராது. அன்றைக்கு முதல் அரை மணி நேரம் கிராம சேவையாளரை அந்த மேசையில் இருத்துங்கள். அவர் ஒப்பமிட, நீங்கள் அட்டை எழுத, ஆள் புத்தகத்தோடு போகும்.

சம்பிரதாயம் பற்றி ஒரு வார்த்தை. மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, மாலை எல்லாம் சேர்ந்தால் 50 நிமிடம். இரண்டு மணி நேர அமர்வில் 50 நிமிடம்! முழுவதும் தவிர்க்கவும் முடியாது, தவிசாளருக்கு மனக்குறை வரும். ஒவ்வொரு சுற்றின் முதல் இடத்திலும் மட்டும் தொடக்க விழா வையுங்கள், நாலு சுற்றுக்கும் முதல் இடத்தை மாற்றுங்கள். மற்ற இடங்களில் வணக்கம் சொல்லி நேரே விடயம்.

அறிவித்தல்: 10 நாள் முன் சங்கக் கடை, கமநல சேவை நிலையம், பஸ் தரிப்பிடம், 3 நாள் முன் மாதர் சங்க வட்ஸ்அப் குழு, முதல்நாள் பின்னேரம் கோயில் ஒலிபெருக்கி. ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் கடைசியைச் செய்யுங்கள்.

---

ஒற்றைப்பனை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நாலு சுற்று, இருபது அமர்வு என்று எழுதத் தொடங்கிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். கடற்கரை வாசிகசாலைக்கு வயல் நாட்காட்டி பொருந்தாதே? அடுத்தது, ஆண்டு முடிவில் "எத்தனை பேர் பயனடைந்தனர்" என்று கேட்பார்கள். வந்தவர் எண்ணிக்கையை விட வேறு என்ன காட்டலாம்?

---

காலபோகம் எழுதியது:

கரைக்குக் காற்றைப் பாருங்கள். முல்லைத்தீவுக் கரை என்றால் வாடை அடிக்கும் கார்த்திகை, மார்கழியில் தொழில் குறைவு. பூநகரி, நாச்சிக்குடாப் பக்கம் என்றால் வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று, அப்போது தொழில் குறைவு. பெட்டி ஒன்றுதான் என்றாலும் கரைச் சுற்றை மற்ற நாலு இடத்தோடு கட்டாமல் தனியாக நகர்த்துங்கள். பறுவத்தை (பௌர்ணமியை) ஒட்டி இரவுத் தொழில் குறையும், அந்த நாட்களில் பின்னேரம் 3 மணிக்கு ஆண்களும் இருப்பார்கள். காலையில் வைத்தால் வலை வேலையில் இருக்கிற கை ஒன்றும் வராது. பௌர்ணமிப் போயா நாளிலேயே வைக்காதீர்கள், உத்தியோகத்தருக்கு விடுமுறை; முதல்நாளோ அடுத்தநாளோ பாருங்கள்.

இடமும் வாசிகசாலையாக இருக்க வேண்டும் என்றில்லை. கடற்றொழிலாளர் சங்க மாதக் கூட்டத்தில் கடைசி 40 நிமிடத்தைக் கேட்டு வாங்கிப் பெட்டியைக் கொண்டுபோங்கள். வயற்கிராமத்திலும் அப்படித்தான்: நெல்லைத் தாக்கும் கபிலநிறத் தத்திப் பூச்சி பற்றிச் சொல்ல வேண்டிய காலம் பயிர் நிற்கிற காலம், அப்போது நூலகத்துக்கு ஆள் வராது. கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கு நீங்கள் போக வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

எண்ணிக்கைக்குப் புதுப் பதிவேடு தொடங்க வேண்டாம், இருக்கிறதே போதும். நிகழ்ச்சி நாளில் சேர்ந்தவரின் அங்கத்துவப் பதிவில் குறிப்பு நிரலில் "நி1", "நி2" என்று சுற்று இலக்கத்தை எழுதுங்கள். ஆண்டு முடிவில் அவர்களில் எத்தனை பேர் 30 நாளுக்குள் இரண்டாவது புத்தகம் எடுத்தார்கள் என்று இரவல் பதிவைப் பார்த்தால் தெரியும். தகவல் உரிமைச் சுற்றுக்கு எத்தனை விண்ணப்பம் தபாலில் போனது, எத்தனைக்குப் பதில் வந்தது. காணிச் சுற்றுக்கு எத்தனை பேர் பின்னுரித்தாளர் பதியப் படிவம் கொடுத்தார்கள் என்று காணிக் கிளையில் மொத்த எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள், பெயர் கேட்க வேண்டாம்.

நிகழ்ச்சியில் எடுத்த 25 புத்தகத்தில் இரண்டு மூன்று திரும்பி வராது. அதை முதலே செயலாளரிடம் சொல்லி, சுற்றுப் பெட்டிப் புத்தகங்களைத் தனி இருப்புப் பட்டியலில் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆண்டிறுதி இருப்புக் கணக்கெடுப்பில் வாசிகசாலைப் பிள்ளையின் தலையில் விழும்.